விமானி அறையில் குறிப்பும் வெளிப்படையும்: அவசரநிலை முடிவெடுத்தலில் மொழியின் இடம்

ஆய்வுச்சுருக்கம்

பறக்கும் விமானத்தில் அவசரநிலை ஏற்படும்போது எடுக்கப்படும் முடிவு, தலைமை விமானியின் தனித்திறனை மட்டும் சார்ந்ததன்று. அவருக்குக் கீழ்நிலையில் உள்ளோர் தாம் அறிந்ததை எத்தகைய சொற்களால் அவரிடம் சேர்க்கின்றனர் என்பதையும் அது சார்ந்துள்ளது. 1978, 1989, 1990 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்காவில் நிகழ்ந்த மூன்று விபத்துகளின்வழி இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அவசரநிலை, முடிவெடுத்தல், குழுவள மேலாண்மை, பணிவுமொழி, குறிப்பு, வெளிப்படை.

முன்னுரை

ஆபத்திலிருந்து விமானத்தை மீட்ட விமானி பற்றிய செய்திகள் பெரும்பாலும் தனிமனித வீரக்கதைகளாகவே எழுதப்படுகின்றன. விபத்து விசாரணை அறிக்கைகள் காட்டும் விமானி அறை வேறு. அது உரையாடல் நிகழும் இடம். இங்கு எடுத்துக்கொள்ளப்படும் விமானங்களில் தலைமை விமானி, துணை விமானி, விமானப் பொறியாளர் என மூவர் பணியாற்றினர். எரிபொருள் அளவு ஒருவர் கண்ணிற்படும். ஓடுபாதை இன்னொருவர் கண்ணிற்படும். இறுதி அதிகாரமோ ஒருவரிடமே இருக்கும். ஆகவே ஒருவர் கண்டது மற்றவரின் அறிவாக மாறுவதற்குப் பெரும்பாலும் சொல்லே வழி. பொருள் புலப்படும் முறையைத் தொல்காப்பியச் சொல்லதிகாரம் வெளிப்படை, குறிப்பு என இரண்டாகப் பகுக்கிறது. இக்கட்டுரை அவ்விரு கலைச்சொற்களையே கருவியாகக் கொள்கிறது. இலக்கியத்தில் குறிப்பு சுவை பயப்பது. விமானி அறையில் அது என்ன செய்கிறது என்பதே இங்கு எழும் வினா.

போர்ட்லாந்து, 1978

1978 டிசம்பர் 28 அன்று யுனைடெட் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் 173ஆம் எண் விமானம் டென்வரிலிருந்து ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகருக்கு வந்தது. டிசி-8 வகையைச் சார்ந்த அவ்விமானத்தில் 189 பேர் இருந்தனர். சக்கரங்களை இறக்கியபோது வழக்கத்திற்கு மாறான ஓசையும் அதிர்வும் எழுந்தன. அவை உரிய நிலையில் பூட்டிக்கொண்டனவா என்பதை விளக்குகள் உறுதிசெய்யவில்லை. சிக்கலை ஆராயவும் பயணிகளை ஆயத்தப்படுத்தவும் தலைமை விமானி நகரருகே வட்டமிட முடிவு செய்தார். அம்முடிவில் தவறில்லை. அது ஏறத்தாழ ஒரு மணிநேரம் நீண்டதே தவறு.

இன்னும் பதினைந்து நிமிடங்கள் கழித்து இறங்குவதாகக் கருதித் தலைமை விமானி எடைக்கணக்கைக் கேட்டார். பதினைந்து நிமிடங்கள் என்றால் எரிபொருள் மிகவும் குறைந்துவிடும் என்று விமானப் பொறியாளர் மறுமொழி கூறினார். பின்னர் எஞ்சியிருந்த அளவையும் அறிவித்தார். எண் சொல்லப்பட்டது, அந்த எண்ணின் விளைவு சொல்லப்படவில்லை. உடனே ஓடுபாதைக்குத் திரும்பவேண்டும் என்னும் கூற்று எழவேயில்லை. இயந்திரம் ஒன்று நிற்கப்போகிறது என்று துணை விமானி கூறியபோது தலைமை விமானி ‘ஏன்?’ என்று இருமுறை வினவினார். எரிபொருள் என்பதே விடை. விமான நிலையத்திற்கு ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தொலைவில் விமானம் வீழ்ந்தது. இறந்த பதின்மருள் அப்பொறியாளரும் ஒருவர். சக்கரங்கள் உண்மையில் கீழிறங்கியே இருந்தன என்பது பின்னர்த் தெரியவந்தது.

தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கை இரண்டு கூறுகளை உடையது. எரிபொருள் நிலையைக் கண்காணிக்கத் தவறியதும், குழுவினர் தந்த தகவலுக்கு உரியவாறு செயற்படாததும் தலைமை விமானியின் பிழை. நிலைமையின் கடுமையை முழுதும் உணராமையோ, உணர்ந்த கவலையை வெற்றியுற எடுத்துரைக்காமையோ மற்ற இருவரின் பங்கு. எனினும் பொறியாளரின் கூற்றை முற்றிலும் குறிப்பு எனத் தள்ளிவிட இயலாது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. அது பாதி வெளிப்படை. கேட்டவரின் கவனம் சக்கரங்களில் சிக்கியிருந்ததால் மறுபாதி அவரை எட்டவில்லை. மொழி ஒன்றே காரணம் எனின் அது மிகைக்கூற்றாகும்.

பயிற்சியும் ஆய்வும்

தலைமை விமானிக்குக் குழுவோடு கலந்து முடிவெடுக்கவும், பிறருக்குத் தயங்காது எடுத்துரைக்கவும் பயிற்சி வேண்டும் என வாரியம் பரிந்துரைத்தது. 1979இல் நாசா இப்பொருளில் ஒரு பயிலரங்கை நடத்தியது. 1981இல் யுனைடெட் நிறுவனம் பயிற்சியைத் தொடங்கியது. இதுவே பின்னர்க் குழுவள மேலாண்மை எனப் பெயர்பெற்றது. மொழியியலாளர் சார்லட் லிண்டே 1988இல் வெளியிட்ட ஆய்வு, விமானி அறை உரையாடல்களில் மேலோரை நோக்கிய பேச்சு கூடுதலாக மென்மைப்படுத்தப்படுவதையும், அவ்வாறு மென்மைப்படுத்திய கருத்துகள் ஏற்கப்படாமற்போகும் வாய்ப்பு மிகுவதையும் காட்டியது. பணிவு ஒழுக்கமாக இருக்கலாம்; அங்கு அது தகவலின் எடையைக் குறைக்கிறது.

சூ சிட்டி, 1989

1989 ஜூலை 19 அன்று அதே நிறுவனத்தின் 232ஆம் எண் விமானம் டென்வரிலிருந்து சிகாகோவுக்கு 296 பேருடன் சென்றது. டிசி-10 வகையான அதன் வால்பகுதி இயந்திரத்தின் விசிறிச் சக்கரம் உடைந்து சிதறியதில் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் செயலிழந்தன. திருப்பவும் ஏற்றி இறக்கவும் உரிய கட்டுப்பாடுகள் எவையும் இயங்கவில்லை. கையேட்டில் இதற்கு வழிமுறை இல்லை. பயணியாக வந்திருந்த டிசி-10 பயிற்சியாளர் டென்னிஸ் ஃபிட்ச் உதவ முன்வந்தார். தலைமை விமானி ஆல் ஹெய்ன்ஸ் எஞ்சிய இரண்டு இயந்திரங்களின் விசைக்கட்டுப்பாட்டை அவரிடம் ஒப்படைத்தார். ஏறத்தாழ 44 நிமிடங்கள் நால்வரும் பேசிப்பேசியே விமானத்தை அயோவா மாநிலத்தின் சூ சிட்டி ஓடுபாதைக்குக் கொணர்ந்தனர். தரைதொட்டபோது விமானம் சிதைந்தது. ஆயினும் 184 பேர் பிழைத்தனர்.

1991இல் நாசாவில் ஆற்றிய உரையில் ஹெய்ன்ஸ் இதற்கான பெருமையின் ஒரு பகுதியை அப்பயிற்சிக்கு அளித்தார். அத்தகைய நிலையில் விமானத்தைச் செலுத்திய பழக்கம் அறையில் இருந்த எவருக்கும் இல்லாதபோது, தாம் மட்டும் மற்ற மூவரினும் மிகுதியாக எவ்வாறு அறிந்திருக்க முடியும் என்பது அவர் எழுப்பிய வினா. இதனை வாக்கெடுப்பாகக் கருதலாகாது. அதிகாரம் ஹெய்ன்ஸிடமே இருந்தது. தமக்குத் தெரியாதது இது என அவர் வெளிப்படையாக்கியதால் பிறர் குறிப்பாற் பேசவேண்டிய தேவை எழவில்லை.

கோவ் நெக், 1990

ஆனால் செய்தி அறையைவிட்டு வெளியேயும் செல்லவேண்டும். 1990 ஜனவரி 25 அன்று கொலம்பியாவின் அவியாங்கா நிறுவனத்தின் 52ஆம் எண் விமானம் மோசமான வானிலையால் நியூயார்க்கிற்குச் செல்லும் வழியில் மும்முறை காத்திருக்க நேர்ந்தது; மொத்தம் 1 மணி 17 நிமிடங்கள். துணை விமானி கட்டுப்பாட்டாளரிடம் ‘முன்னுரிமை’ கேட்டார். எரிபொருள் தீர்ந்துவருவதாகவும் கூறினார். அவசரநிலை என அறிவிக்குமாறு தலைமை விமானி ஸ்பானிய மொழியில் பணித்தும் அச்சொல் கட்டுப்பாட்டாளரைச் சென்றடையவில்லை. சொல்லிவிட்டதாகவே அவர் தலைமை விமானிக்கு மறுமொழி கூறினார். லாங் ஐலண்டின் கோவ் நெக் பகுதியில் விமானம் வீழ்ந்து 158 பேருள் 73 பேர் இறந்தனர். விமானிகளின் பிழையோடு, எரிபொருள் குறைவைக் குறிக்க வரையறுத்த பொதுச்சொற்கள் இல்லாமையையும் வாரியம் துணைக்காரணமாகச் சுட்டியது.

அக்குறை உலக அளவில் நீங்குவதற்கு இருபதாண்டுகளுக்கு மேலாயிற்று. பன்னாட்டுக் குடிசார் விமானப் போக்குவரத்து அமைப்பு 2012இல் இரண்டு தொடர்களுக்குப் பொருள் வரையறுத்தது. ‘குறைந்தபட்ச எரிபொருள்’ என்றால் இனித் தாமதத்தை ஏற்க இயலாது, ஆயினும் அவசரநிலை இன்னும் இல்லை. ‘மேடே’ என மும்முறை கூறி ‘எரிபொருள்’ எனச் சேர்த்தால், அருகிலுள்ள பாதுகாப்பான நிலையத்தில் இறங்கும்போது எஞ்சுவது விதிக்கப்பட்ட இறுதி இருப்பினும் குறைவு என்று பொருள். ஜெட் விமானங்களுக்கு அவ்விருப்பு 30 நிமிடப் பறத்தலுக்கு உரிய அளவு.