பஞ்சப்படி இல்லாதவர்கள்

நெய்வேலியில் வாழும் நமக்குப் பஞ்சப்படி என்ற சொல்லை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என ஆண்டுக்கு நான்கு முறை, "இந்தத் தடவை டி.ஏ. எத்தனை விழுக்காடு?" என்ற கேள்வி டவுன்ஷிப்பின் எல்லா வட்டங்களிலும் எழும். அலுவலகத் தாள்களில் அகவிலைப்படி என்று எழுதப்படும் இத்தொகை யாரும் இரக்கப்பட்டுத் தருவதன்று. அரிசி, பருப்பு, எண்ணெய், வாடகை, மருந்து ஆகியவற்றின் விலை ஏறும்போது, உழைப்பவரின் சம்பளம் மதிப்பில் தேய்ந்துபோகாமல் காக்கும் ஏற்பாடு அது.

அது எப்படி நடக்கிறது என்பதைச் சற்று நினைவுபடுத்திக்கொள்வோம். சிம்லாவில் உள்ள மத்திய அரசின் தொழிலாளர் பணியகம், நாட்டின் 88 தொழில் மையங்களில் விலைகளைச் சேகரித்து, தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணை மாதந்தோறும் வெளியிடுகிறது. அந்த எண் ஏறினால் பஞ்சப்படியும் ஏறுகிறது. யாரும் மனு எழுத வேண்டியதில்லை. எந்தத் தலைவரும் மேடையில் அறிவிக்க வேண்டியதில்லை. மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி விதிகளுக்குள் வரும் ஒப்பந்தத் தொழிலாளருக்கும் ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் மாறும் அகவிலைப்படி உண்டு. நிரந்தரத் தொழிலாளிக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இடையே வேறுபாடுகள் பல உள்ளன. ஆயினும் விலை ஏறினால் வருமானமும் ஏற வேண்டும் என்ற கொள்கையை இருவர் விஷயத்திலும் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

ஆனால் இதே ஊரில், இதே கடைத்தெருவில், இதே விலைக்குப் பொருள் வாங்கும் மூன்றாவது வகையினர் இருக்கிறார்கள். வேலைக்குச் செல்ல இயலாத மாற்றுத்திறனாளிகள் அவர்கள். அவர்களுடைய மாத உதவித்தொகைக்குப் பஞ்சப்படி கிடையாது.

உயர்ந்தும் குறைந்த தொகை

தமிழகத்தில் வருவாய்த்துறை வழியாக வழங்கப்படும் மாற்றுத்திறனாளி உதவித்தொகை 2011ஆம் ஆண்டு 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பின்னர் 2023 ஜனவரி முதல் அது 1,500 ரூபாயாக ஆனது. இடைப்பட்ட 11 ஆண்டுகளுக்கு மேல் அது அப்படியே நின்றது. கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழியாகப் பராமரிப்பு உதவித்தொகை தனியாக உண்டு. அதுவும் அண்மை ஆண்டுகளில் 1,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாக உயர்ந்தது.

500 ரூபாய் கூடியது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் நம் பஞ்சப்படியைக் கணக்கிடும் அதே அளவுகோலால் இதையும் அளந்து பார்ப்போம். 2011 மே மாதத்திலிருந்து 2023 ஜனவரிக்குள் தொழிலாளர் விலைக் குறியீட்டெண் ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிட்டது. அப்படியானால் 2011ல் கொடுத்த 1,000 ரூபாயின் மதிப்பைக் காப்பாற்ற மட்டுமே 2023ல் சுமார் 2,000 ரூபாய் தேவைப்பட்டிருக்கும். கொடுக்கப்பட்டதோ 1,500. அதாவது, உயர்த்திய பிறகு கையில் வந்த தொகை, 2011ஆம் ஆண்டு விலையில் ஏறத்தாழ 750 ரூபாய்க்கே சமம். தாளில் உயர்ந்தது, கடையில் குறைந்தது.

மத்திய அரசின் பங்கு இன்னும் சிறியது. இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டம் 2009ல் மாதம் 200 ரூபாயுடன் தொடங்கியது. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களில், 80 விழுக்காட்டுக்கு மேல் பாதிப்பு உள்ளவர்களுக்கு மட்டுமே அது உரியது. 2012ல் 300 ரூபாயாக உயர்ந்த அந்த மத்தியப் பங்கு, பத்தாண்டுகள் கடந்தும் அதே 300 ரூபாயாகவே நீடித்தது.

இதன் வலி நமக்குப் புரியாததன்று. கொரோனா காலத்தில், 2020 அக்டோபர் முதல் 2021 ஜூன் வரை, பொதுத்துறை அதிகாரிகளின் அகவிலைப்படி உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டது. மத்திய அரசு ஊழியர்களுக்கு அது 18 மாதங்கள் நின்றது. அப்போது வீடுகளிலும் சங்கக் கூட்டங்களிலும் எவ்வளவு மனக்குமுறல்! அது நியாயமான குமுறலே. ஆனால் 9 மாதமும் 18 மாதமும் நமக்கு அநீதியாகத் தெரிந்ததென்றால், 11 ஆண்டுகளுக்கு என்ன பெயர் சூட்டுவது?

சட்டம் சொல்வது என்ன?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன் 24ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகள் போதிய வாழ்க்கைத் தரத்துடன் வாழ அரசு தன் பொருளாதார வசதிக்கு உட்பட்டுத் திட்டங்கள் வகுக்க வேண்டும் என்கிறது. அத்துடன், மற்றவர்களுக்கான அதே போன்ற திட்டங்களில் தரப்படுவதைவிட இவர்களுக்குக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாகத் தர வேண்டும் என்றும் விதிக்கிறது. ஊனத்தோடு வாழ்வதற்குச் செலவு அதிகம் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டதன் அடையாளம் இது.

தமிழகத்தில் முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாக ஆனது. அதற்கு 25 விழுக்காடு கூட்டினால் சரியாக 1,500. மத்திய அரசின் பங்கைப் பார்த்தால், 80 வயதுக்கு உட்பட்ட முதியோருக்கு 200, மாற்றுத்திறனாளிக்கு 300; அதாவது 50 விழுக்காடு கூடுதல். கணக்கு இரண்டிலும் சரியாக இருக்கிறது! ஆனால் 300 ரூபாயில் ஒரு மாதம் வாழ முடியுமா?

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் இருக்கிறது. 25 விழுக்காடு என்ற விதி, மாற்றுத்திறனாளியின் தொகையை விலைவாசியோடு கட்டவில்லை. இன்னொரு ஏழையின் தொகையோடு கட்டியிருக்கிறது. முதியவரின் தொகை நின்றுவிட்டால் இவருடையதும் நின்றுவிடும். ஒருவருக்கொருவர் ஒப்பிட்டால் நியாயம் போலத் தெரியும். கடைக்குப் போனால் இருவர் கையும் வெறுங்கையாக இருக்கும்.

குறியீட்டெண்ணில் இல்லாத செலவுகள்

ரேஷன் அரிசி இலவசம்தானே, பிறகு என்ன என்று சிலர் கேட்பதுண்டு. உண்மைதான். தமிழகத்தின் பொது விநியோகத் திட்டம் ஏழைகளின் உலை கொதிக்கப் பெரிதும் உதவுகிறது. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளும் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம். இவற்றை நன்றியோடு ஏற்றுக்கொள்கிறோம்.

எனினும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். தகப்பன் சுரங்கத்தில் ஒப்பந்த வேலை செய்கிறார். வீட்டில் மூளை முடக்குவாதத்தால் பாதிக்கப்பட்ட, வளர்ந்த மகன். குளிப்பாட்ட, சோறு ஊட்ட, புரட்டிப் படுக்க வைக்க ஒருவர் வேண்டும். ஆகவே தாய் வேலைக்குப் போக முடியாது. அந்த வீட்டின் முதல் இழப்பு அவருடைய கூலி. எந்தக் கணக்கிலும் அது வராது. மகனைப் பேருந்தில் ஏற்ற முடியாததால் கடலூருக்கோ புதுச்சேரிக்கோ மருத்துவமனைக்குப் போக வண்டி பிடிக்க வேண்டும். இலவசப் பேருந்து அவர்களுக்குப் பயன்படவில்லை. பெரியவர்களுக்கான டயாப்பர், படுக்கைப் புண்ணுக்கு மருந்து, வலிப்பு மாத்திரை என மாதாமாதம் செலவு. சாதாரணத் தொழிலாளி குடும்பத்தின் செலவுகளை வைத்துக் கணக்கிடப்படும் விலைக் குறியீட்டெண், இந்த வீட்டின் தனிச் சுமையைக் காட்டாது.

எனவே நியாயம் என்பதில் இரண்டு படிகள் உள்ளன. கொடுத்த தொகை விலைவாசியில் கரைந்துபோகாமல் காப்பது முதற்படி. ஊனத்தினால் வரும் கூடுதல் செலவை ஈடுசெய்வது இரண்டாம் படி. இந்தியா 2007ல் ஏற்று உறுதிசெய்த ஐ.நா. உடன்படிக்கையின் 28ஆம் பிரிவு, ஊனம் சார்ந்த செலவுகளுக்கு அரசின் உதவியைக் குறிப்பிட்டே பேசுகிறது. நாமோ இன்னும் முதற்படியிலேயே கால் வைக்கவில்லை.

பணத்துக்கு எங்கே போவது?

அரசின் கருவூலத்துக்கும் எல்லை உண்டு என்ற வாதத்தை நாம் தள்ளிவிட முடியாது. ஆனால் எல்லைக்குள் யாருக்கு முதலிடம் என்பதுதான் கேள்வி. அண்டை மாநிலமான ஆந்திரா, 2024ல் மாற்றுத்திறனாளிகளின் மாத ஓய்வூதியத்தை 3,000 ரூபாயிலிருந்து 6,000 ரூபாயாகவும், முற்றிலும் செயலிழந்தோருக்கு 15,000 ரூபாயாகவும் உயர்த்தியது. அது தமிழகத்தைவிடச் செல்வம் மிகுந்த மாநிலம் அன்று. ஆனால் அங்கும் சிக்கல் இல்லாமல் இல்லை. 2025ல் சான்றிதழ்களின் மறு ஆய்வு தொடங்கியபோது, உண்மையான பயனாளிகளும் தங்கள் ஊனத்தை மீண்டும் மெய்ப்பிக்க அலைய நேர்ந்தது. மேலும் அந்தத் தொகையும் தேர்தல் வாக்குறுதியாக வந்ததுதான். விலைவாசியோடு தானாக ஏறுவதன்று. பிரிட்டனில் ஊனத்துக்கான அரசு உதவி ஆண்டுதோறும் ஏப்ரலில் விலைக் குறியீட்டெண்படி திருத்தப்படுகிறது. 2022லும் 2023லும் விலைவாசி கடுமையாக ஏறியபோது, அதற்கு மேல் 150 பவுண்டு சிறப்புத் தொகையும் தரப்பட்டது. அது போதாது என்று அங்குள்ளோர் வாதிட்டனர். போதுமா என்று வாதிடக்கூட, முதலில் ஒரு விதி வேண்டும் அல்லவா?

நம் பங்கு என்ன?

திராட்சைத் தோட்ட வேலையாள்கள் உவமையில் (மத்தேயு 20), கடைசி மணி நேரத்தில் வந்தவருக்கும் முழு நாள் கூலி கிடைக்கிறது. அவர் சோம்பேறியாக நிற்கவில்லை; அவரை யாரும் வேலைக்கு அமர்த்தவில்லை. அவர் வீட்டிலும் அன்று அடுப்பு எரிய வேண்டும் என்பதைத் தோட்ட உரிமையாளர் அறிந்திருந்தார். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், உழைப்பைப் பற்றி 1981ல் வெளியிட்ட சுற்றுமடலில் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கினார். முழுத்திறன் உள்ளவர்களை மட்டும் ஏற்றுக்கொள்ளும் சமூகம் மனித மாண்புக்குத் தகுதியற்றது என்பது அவருடைய போதனை.

நம்முடையது சுரங்கமும் கொதிகலனும் உள்ள ஊர். 2020ஆம் ஆண்டு மே, ஜூலை மாதங்களில் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் நடந்த கொதிகலன் விபத்துகளை நாம் மறக்கவில்லை. ஊனம் என்பது வேறு யாருக்கோ நேர்வது என்று இந்த ஊரில் யாரும் சொல்ல முடியாது.

ஆகவே சிலவற்றைச் செய்யலாம். நம் அன்பியங்களில், தனித்துவ அடையாள அட்டையோ உதவித்தொகையோ இன்னும் பெறாதவர்கள் யார் என்று கேட்டறிந்து, விண்ணப்பிக்கத் துணை நிற்கலாம். பங்கின் வழியாக மாதந்தோறும் கொடுக்கும் உதவியை ஆண்டுக்கு ஒருமுறை விலைவாசியோடு ஒப்பிட்டுத் திருத்தலாம். மருத்துவமனைக்குச் செல்ல வண்டி ஏற்பாடு செய்யலாம். அனைத்துக்கும் மேலாக, மக்கள் குறைதீர்க்கும் நாளிலும், வாக்குக் கேட்டு வருவோரிடமும், தொழிற்சங்கங்களிலும் ஒரே ஒரு கோரிக்கையைத் தெளிவாக வைக்கலாம்: "தொகையை உயர்த்துங்கள் என்பதோடு நிறுத்தவில்லை, எங்களுக்கு இருப்பது போல் அவர்களுக்கும் பஞ்சப்படி வையுங்கள்."

பஞ்சப்படியின் அருமை தெரிந்தவர்கள் நாம். போராடியும் பேசியும் அதைக் காத்துவருபவர்கள் நாம். அந்தக் கோரிக்கையை இவர்களுக்காக எழுப்ப நம்மைவிடத் தகுதியானவர் யார்?