மேளக்காரரைப் படம் பிடிப்போம்

தோட்டத்துக் கோயில் திருவிழா முடிந்ததும் வீட்டில் உட்கார்ந்து, எடுத்த படங்களைப் பார்க்கிறோம். அம்மன் அலங்காரம் இருக்கும், காவடி இருக்கும், அன்னதானப் பந்தியில் உட்கார்ந்த உறவினர் அனைவரும் இருப்பார்கள். இரவெல்லாம் உறுமி அடித்தவர் எங்கே? ஒரு படத்தின் ஓரத்தில் அவருடைய பாதி முதுகு தெரியும். இன்னொன்றில் கை இருக்க வேண்டிய இடத்தில் புகை போன்ற கலங்கல் தெரியும். "எங்கள் தாத்தா பெயர் பெற்ற உறுமிக்காரர்" என்று சொல்லும் குடும்பங்கள் பல. அதைக் காட்ட ஒரு படம் வைத்திருக்கும் குடும்பங்கள் சிலவே.

தோட்டங்கள் பல விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்து மக்கள் பிரிந்தபோது மேளக்குழுக்களும் கலைந்தன. ஆகவே, மேளக்காரரைப் படம் பிடிப்பதை வெறும் பொழுதுபோக்கு என்று நாம் எண்ணலாகாது.

முதலில், கை ஏன் கலங்குகிறது என்று பார்ப்போம். படக்கருவியின் கண் ஒரு நொடியில் ஒரு சிறு பகுதி நேரமே திறந்து மூடுகிறது. பகல் வெளிச்சத்தில் ஒரு நொடியில் 500-இல் ஒரு பங்கு நேரம் போதும். ஓடும் கையும் நின்றாற்போல் பதியும். இரவில் வெளிச்சம் போதாமல், கருவி 30-இல் ஒரு பங்கு, 15-இல் ஒரு பங்கு என்று அதிக நேரம் திறந்திருக்கும். அதற்குள் கை ஒரு சாண் தூரம் போய்விடும். கைத்தொலைபேசியும் இவ்வாறே செய்கிறது. அதிலுள்ள 'இரவுப் படம்' என்னும் வசதி அசையாத கோபுரத்துக்கு நல்லது, மேளத்துக்கு ஆகாது.

இதற்கு வழி தாளத்திலேயே இருக்கிறது. ஊஞ்சல் உச்சிக்குப் போய்த் திரும்பும்போது ஒரு கணம் நிற்பதைப் பார்த்திருக்கிறோம். ஓங்கிய குச்சியும் அப்படியே, இறங்குவதற்கு முன் ஒரு கணம் நிற்கிறது. அந்தக் கணத்தைப் பிடித்தால் மங்கிய வெளிச்சத்திலும் கை தெளிவாக விழும். ஆகவே, உடனே படம் எடுக்கத் தொடங்காதீர்கள். இரண்டு மூன்று சுற்று தாளத்தைக் கேளுங்கள். காலால் தட்டிப் பாருங்கள். தாளம் திரும்பத் திரும்ப வருவதால், அடுத்த ஓங்கல் எப்போது என்பது நமக்கே தெரிந்துவிடும். அதற்கு இம்மி முன்னதாகப் பொத்தானை அழுத்த வேண்டும்.

அடுத்து, நிற்கும் இடம். தவிலின் வலப்பக்கத்தை விரல்களில் கூடு மாட்டிய கையாலும், இடப்பக்கத்தைக் குச்சியாலும் வாசிப்பார்கள். விரல் வேலை தெரிய வேண்டுமானால் அவருடைய வலக்கைப் பக்கம் சற்றுச் சாய்ந்து நில்லுங்கள். குச்சி ஓங்குவது வேண்டுமானால் மறுபக்கம் போங்கள். உறுமிக்கு ஒரு முகத்தில் வளைந்த குச்சியைத் தேய்த்து உறுமல் எழுப்புவார்கள், மறுமுகத்தில் அடிப்பார்கள். எங்கே நின்றாலும் முகமும் கைகளும் ஒரே படத்தில் விழட்டும். முகம் இல்லாத கை யாருடையது என்று நாளைக்கு யாருக்குத் தெரியும்?

நாம் ஒருமுறை செய்த தவற்றையும் சொல்லிவிடுகிறோம். காவடி புறப்படும் நேரத்தில், உறுமி அடித்த பெரியவரின் முகத்துக்கு நேரே மின்னல் விளக்கைப் போட்டுவிட்டோம். அவர் கண் கூசி, அடி தவறியது. அருள் வந்து ஆடியவரின் காலும் தடுமாறியது. பெரியவர் நம்மைத் திட்டவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். அன்றுதான் ஒன்று விளங்கியது. மேளக்காரரின் கண் எப்போதும் காவடி எடுப்பவரின் காலடியில் இருக்கிறது. அந்த இருவருக்கும் நடுவில் நாம் புகக் கூடாது. விளக்கையும் போடக் கூடாது. கோயில் குழல் விளக்கின் வெளிச்சம் அவர் முகத்தில் விழும் பக்கமாகப் போய் நின்றாலே போதும்.

மேளம் தொடங்குமுன், "அண்ணே, படம் எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டுவிடுங்கள். தோல் காய்ச்சும்போதும், வார் இழுத்துக் கட்டும்போதும் எடுக்கும் படங்களும் அருமையானவை. அப்போது கை மெதுவாகத்தான் அசையும்.

கடைசியாக ஒரு வேலை உண்டு. கைத்தொலைபேசி தொலைந்தால் படமும் தொலையும். நல்ல படத்தை இரண்டு பிரதி எடுங்கள். பின்புறத்தில் மேளக்காரரின் பெயர், தோட்டத்தின் பெயர், ஆண்டு ஆகியவற்றை எழுதுங்கள். ஒரு பிரதியை அவர் வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுங்கள். அவருடைய பேரப்பிள்ளைகள் வளர்ந்தபின், தாத்தாவின் கையைப் பார்க்க அந்த ஒரு படமாவது இருக்கட்டும்.