மறுவீட்டுச் சொதியும் தினசரி நல்லெண்ணெயும்... நெல்லைச் சமையலறையின் கொழுப்புக் கணக்கு!

திருநெல்வேலிப் பக்கம் கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு வரும் மாப்பிள்ளைக்குச் சொதி வைக்காவிட்டால் அது விருந்தே இல்லை. பாசிப்பருப்பு, முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, பீன்ஸ் எல்லாம் தேங்காய்ப்பாலில் கூடி, கடைசியில் எலுமிச்சைச் சாறு பிழிந்து, கூடவே இஞ்சித் துவையலோடு இலைக்கு வரும். ஒரு வீட்டில் வருஷத்துக்கு எத்தனை மறுவீடு வந்துவிடப்போகிறது? அதனால் எத்தனை தேங்காய் உடைத்தாலும் யாரும் கணக்குப் பார்த்ததில்லை.

இப்போது சொதி ஹோட்டலிலும் கிடைக்கிறது. பல வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைச் சமையலாகவும் ஆகிவிட்டது. போதாக்குறைக்கு, ‘தேங்காய் தாவரக் கொழுப்புதானே, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்’ என்ற பேச்சு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இங்கேதான் நிதானம் தேவை.

தாவரத்திலிருந்து வந்ததாலேயே எல்லாக் கொழுப்பும் ஒன்றாகிவிடாது. தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவிகிதம் நிறைவுற்ற கொழுப்பு. ரேஷன் பாமாயிலில் ஏறக்குறைய பாதி. கடலை எண்ணெயில் 20 சதவிகிதத்தை ஒட்டி. நல்லெண்ணெயில் 15 சதவிகிதம்தான்; மீதி நிறைவுறாக் கொழுப்பு. நிறைவுற்றதைக் குறைத்து, அந்த இடத்தில் நிறைவுறாக் கொழுப்பைச் சேர்த்தால் எல்.டி.எல். எனப்படும் கெட்ட கொலஸ்ட்ரால் குறையும். இதய நோயும் சர்க்கரையும் உள்ள வீடுகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அந்த வகையில் நெல்லைச் சமையலின் அன்றாடப் பழக்கம் கெட்டிக்காரத்தனமானது. வயதுக்கு வந்த பெண்ணுக்குக் கொடுக்கும் உளுந்தங்களியின் நடுவே குழி பறித்து ஊற்றுவது நல்லெண்ணெய். இட்லிக்கான எள்ளு மிளகாய்ப்பொடியில் குழைப்பதும் அதே. எள் + நெய் என்பதுதானே ‘எண்ணெய்’! எள்ளைச் செக்கில் ஆட்டும்போது கொஞ்சம் கருப்பட்டியைத் தட்டிப் போடுவார்கள். அதன் பிசுபிசுப்பில் பிண்ணாக்கு இறுகி, எண்ணெய் தனியே பிரியும். எள்ளுக்கே உரிய செசாமின், செசாமோலின் போன்ற பொருள்கள், அந்த எண்ணெய் சீக்கிரம் காறல் வாடை அடிக்காமல் இருக்க உதவுகின்றன.

எண்ணெயைவிட முழு எள் இன்னும் மேல். நார்ச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் சேர்ந்தே கிடைக்கும். நிலக்கடலையும் அப்படித்தான். 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலைமிட்டாய் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் அதில் வெல்லமும் உண்டு என்பதால், தினமும் என்றால் அவித்த கடலையே சரி. ஒமேகா-3 மட்டும் இவற்றில் போதாது. மிளகாய்ப்பொடி அரைக்கும்போது வறுத்த ஆளி விதை ஒரு கை சேர்த்தால் ருசி கெடாமல் அந்தக் குறை தீரும்.

சொதியை விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். இரண்டாம், மூன்றாம் பாலில் காயை வேகவைத்து, பருப்பைக் கொஞ்சம் கூட்டி, கெட்டிப் பாலை ஒரு சிறு கிண்ணம் மட்டும் கடைசியில் ஊற்றி இறக்கினால் போதும். தொட்டுக்கொள்ள எண்ணெயில் பொரித்த வறுவலுக்குப் பதில் இஞ்சித் துவையல் மட்டும் இருக்கட்டும். மாப்பிள்ளை வரும் நாளில் மட்டும் பழைய முறைப்படியே வையுங்கள்!

எந்த எண்ணெயானாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரி. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில், 2,000 கலோரி உணவுக்கு நாளொன்றுக்கு 27 கிராம் எண்ணெய், கொழுப்பு என்று கணக்கிட்டிருக்கிறது. சுமார் ஆறு டீஸ்பூன். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் மூன்றரை லிட்டர் வரும். உங்கள் வீட்டு மளிகைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். ரேஷன் பாமாயிலை நம்பியிருக்கும் வீடுகள் கூச்சப்பட ஒன்றுமில்லை. அதைத் தாளிக்கும் அளவோடு நிறுத்தி, கூடவே கடலையும் எள்ளும் சேர்த்துக்கொண்டாலே நல்ல மாற்றம்தான். வடை சுட்ட எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் மட்டும், அது எந்த உயர்ந்த எண்ணெயாக இருந்தாலும் கெடுதலே.

செக்கு நல்லெண்ணெய் வாங்குபவர்களுக்கு ஒரு எளிய சோதனை. ஒரு லிட்டர் எடுக்க ஏறத்தாழ இரண்டரை கிலோ எள் வேண்டும். கடைத்தெருவில் அன்றைக்கு எள் என்ன விலை என்று கேளுங்கள். பிண்ணாக்கு விற்ற காசைக் கழித்தாலும், எள்ளின் விலையைவிட எண்ணெய் மிகவும் மலிவாக இருந்தால் சந்தேகப்படுங்கள். பாக்கெட்டாக இருந்தால் லேபிளைத் திருப்பிப் படியுங்கள். ‘தீப எண்ணெய்’, ‘விளக்கேற்ற மட்டும்’ என்று சின்ன எழுத்தில் இருப்பது சாமிக்கு, சட்டிக்கு அல்ல. கலப்பு எண்ணெய் என்றால் எது எத்தனை சதவிகிதம் என்று அதில் அச்சிட்டிருக்க வேண்டும். வாங்கியதை அடுப்புப் பக்கத்தில் வைக்காமல், வெளிச்சம் படாத அலமாரியில் மூடி வையுங்கள். எள்ளுப் பொடியை இரண்டு வாரத்துக்கு மட்டும் அரைப்பது நல்லது.