பணி மாறினால் வினாவும் மாறும்: தரவுத்தளச் சான்றிதழ்த் தேர்வின் புதுப்பிப்பு

கேமரன் மலையில் 1929ஆம் ஆண்டு போ தோட்டம் தொடங்கப்பெற்ற காலத்தில் கொழுந்தை விரலால் கிள்ளி எடுத்தனர். பின்னர்க் கத்தரி வந்தது. சரிவு இடங்கொடுக்கும் பகுதிகளில் இருவர் பிடித்துச் செல்லும் இயந்திரமும் வந்தது. இன்று அம்மலையில் கொழுந்தெடுக்கும் திறனுக்குத் தேர்வொன்று வைப்பதாகக் கொள்வோம். விரலின் வேகத்தை மட்டுமே அளக்கும் தேர்வில் முதலிடம் பெற்றவர், மறுநாள் காலை கத்தரியைப் பிடிக்கத் தடுமாறலாம். தேர்வில் பிழையில்லை, அது அளந்த பணிதான் பெரும்பாலும் மறைந்துவிட்டது.

தரவுத்தள நிரலாளருக்கான சான்றிதழ்த் தேர்வுகள் அவ்வப்போது புதுப்பிக்கப்படுவதற்குக் காரணமும் இதுவே. தரவுத்தளம் என்பது தோட்டத்தார்க்குப் புதியதன்று. யார், எந்தப் பிரிவில், எந்நாளில், எத்தனை கிலோ கொழுந்து எடுத்தார் என்று கிராணியார் எழுதிவந்த பேரேடுதான், கணினியில் ஒன்றோடொன்று தொடர்புடைய அட்டவணைகளாக நிற்கிறது. அவ்வட்டவணைகளை வகுத்து, வினவி, பிழையின்றிப் பேணும் நிரலை எழுதுபவரே தரவுத்தள நிரலாளர்.

உலகெங்கும் புழங்கும் மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தள மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அதன் 5.7ஆம் பதிப்பு 2015 அக்டோபரிலும் 8.0ஆம் பதிப்பு 2018 ஏப்ரலிலும் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தன. இவற்றிடையே நேர்ந்த மாற்றங்கள் பல. தமிழர் கருதத்தக்கது ஒன்று. அட்டவணை அமைப்பவர் குறியேற்றம் எதனையும் குறிப்பிடாதபோது, பழைய பதிப்பு லத்தீன்-1 என்னும் குறியேற்றத்தை மேற்கொண்டது. அதில் தமிழெழுத்துக்கு இடமில்லை. தொழிலாளியின் பெயரைத் தமிழில் இட்டால் பிழைச்செய்தி எழும். கண்டிப்பு முறை அணைக்கப்பட்டிருந்தால், பெயருக்குப் பதிலாகக் கேள்விக்குறிகள் வரிசையாகப் பதிவாகும். ஊதியப் பட்டியலில் கேள்விக்குறியாக நிற்பவர் தம் சம்பளத்தை எவ்வாறு கேட்பார்? புதிய பதிப்போ ஒருங்குறியின் எழுத்துகள் அனைத்தையும் ஏற்கும் குறியேற்றத்தை இயல்பாகவே மேற்கொள்கிறது. ஆகவே, “குறியேற்றம் சொல்லப்படாத அட்டவணையில் தமிழ்ப்பெயர் என்னவாகும்?” என்னும் ஒரே வினாவுக்கு 2015இல் ஒரு விடை, 2018இல் வேறு விடை. பழைய விடைத்தாளை வைத்துக்கொண்டு புதிய பணியை அளத்தல் இயலாது.

மாறாத வினாக்களும் உள்ளன. அவற்றைக் காப்பதும் புதுப்பிப்பின் பகுதியே. ‘தேயிலை’ என்னும் சொல்லின் நீளம் யாது? தமிழிலக்கணப்படி மூன்றெழுத்து. ஒருங்குறியில் மெய்யேறிய உயிர்க்குறிகள் தனித்தனியே எண்ணப்படுவதால் ஆறு குறிகள். சேமிப்பிலோ குறியொன்றுக்கு மூன்று பைட்டாகப் பதினெட்டு பைட். மைஎஸ்கியூஎல்லில் எழுத்து நீளத்தைக் கேட்கும் கட்டளை 6 என்றும், பைட் நீளத்தைக் கேட்கும் கட்டளை 18 என்றும் விடை தரும். நம் இலக்கணத்தின் 3 என்னும் விடையை இரண்டுமே தருவதில்லை! ஆங்கிலச் சொல்லில் இம்மூன்றும் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், ஆங்கிலம் ஒன்றையே கருதும் வினா இவ்வேறுபாட்டை வெளிக்கொணராது.

வினாக்கள் எங்கிருந்து பிறக்கின்றன? முறையான தேர்வில் முதற்படி பணிப் பகுப்பாய்வு. அத்துறையில் உழைப்போரிடம் எப்பணியை எத்துணை அடிக்கடி செய்கிறீர்கள், அது தவறினால் விளையும் கேடு எவ்வளவு என்று கேட்டு, விடைகளுக்கேற்பப் பாடப்பகுதிகளுக்கு எடை வகுப்பர். மலேசியாவில் 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் வகுக்கப்படும் தொழில் திறன் தரநிலைகளும் பணியையே அடிப்படையாகக் கொண்டவை. அடுத்து, வல்லுநர் எழுதிய வினாக்கள் வெள்ளோட்டம் விடப்படும். திறமையாளர் தவறவிட, திறங்குன்றியோர் சரியாகச் சொல்லும் வினா ஐயத்துக்குரியது. பெரும்பாலும் அதன் சொல்லமைப்பே குற்றவாளி. “கீழ்க்கண்டவற்றுள் பொருந்தாதது அல்லாதது எது?” என்பது போன்ற வினா தரவுத்தள அறிவை அளப்பதில்லை. ரிங்லெட்டிலோ தானா ராத்தாவிலோ தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, மலாயும் ஆங்கிலமும் கற்று இத்துறைக்கு வரும் பிள்ளை, கட்டணம் செலுத்தித் தோற்பது இத்தகைய வாக்கியத்திடம் ஆகலாகாது.

தேர்ச்சி மதிப்பெண்ணும் மனம்போன போக்கில் வைப்பதன்று. 1971இல் வில்லியம் ஆங்காஃப் எழுத்தில் வைத்த முறைப்படி, தேர்ச்சியின் விளிம்பில் நிற்கும் ஒருவர் ஒவ்வொரு வினாவுக்கும் சரியான விடை தருவதற்கான வாய்ப்பை நடுவர்கள் மதிப்பிடுவர். அம்மதிப்பீடுகளின் கூட்டுத்தொகையே எல்லைக்கோடு. வினா மாறினால் கோடும் மாறும் என்பதால், முந்தைய தேர்வின் எழுபதையும் புதிய தேர்வின் அறுபதையும் நேருக்குநேர் ஒப்பிடுதல் முறையன்று.

என் கருத்தில், இவ்வளவிலும் பணிப் பகுப்பாய்வுக் கேள்வித்தாளே முதன்மையானது. அங்கு எடை பெறாத பொருளுக்குப் பின்னர் வினா அமைவது அரிது. 2019இல் ஒருங்குறியின் 12.0ஆம் பதிப்பில் சேர்ந்த மா, காணி முதலிய தமிழ்ப் பின்னக் குறிகள் ஒவ்வொன்றும் நான்கு பைட் கொள்பவை. மைஎஸ்கியூஎல்லின் பழைய மூன்று பைட் குறியேற்றத்தில் அவை அடங்கா. தமிழ்த் தரவைக் கையாளும் நிரலாளரே இதனை அன்றாடப் பணியில் எதிர்கொள்வார். தேர்வு நடத்தும் நிறுவனங்கள் கேள்வித்தாளை நிரப்பவும் வினா எழுதவும் தன்னார்வலரை அழைக்கும் வேளையில், எழுதப்படும் பெயர்களுள் அவர் பெயரும் இருத்தல் வேண்டும்.