பாட்டி வீட்டுக்குப் போன முதல் கார்

1888ஆம் ஆண்டு, ஆகஸ்ட் மாதம். ஜெர்மனியில் மான்ஹைம் என்ற ஊர். பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். ஒருநாள் அதிகாலையில் பெர்த்தா பென்ஸ் என்ற அம்மா தன் இரண்டு மகன்களோடு வீட்டை விட்டுக் கிளம்பினார். பெரியவன் ஓய்கனுக்கு 15 வயது, சின்னவன் ரிச்சர்டுக்கு 13. போக வேண்டிய இடம் ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த பாட்டி வீடு. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரம். அவர்கள் ஏறிய வண்டி, அப்பா கார்ல் பென்ஸ் உருவாக்கிய மூன்று சக்கர மோட்டார் கார். அப்பாவிடம் சொல்லவே இல்லை!

அதுவரை அந்த வண்டியை ஊருக்குள்ளும் அக்கம்பக்கத்திலும்தான் ஓட்டிப் பார்த்திருந்தார்கள். இவ்வளவு தூரம் எந்தக் காரும் போனதில்லை. வழியில் பெட்ரோல் பங்க் கிடையாது, மெக்கானிக் கிடையாது. பயணத்துக்கு முன் எதைச் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லித்தரவும் ஆள் இல்லை. அதையெல்லாம் அந்தச் சாலைதான் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது.

முதலில் எரிபொருள் தீர்ந்தது. வீஸ்லாக் என்ற ஊரில் மருந்துக்கடைக்குப் போய், துணிக்கறை நீக்க விற்கும் லிக்ராயின் என்ற திரவத்தை வாங்கி ஊற்றினார் பெர்த்தா. அதுவும் பெட்ரோலைப் போலக் கச்சா எண்ணெயிலிருந்து பிரித்தெடுப்பதுதான். அந்த மருந்துக்கடையை உலகின் முதல் பெட்ரோல் பங்க் என்று இன்றும் சொல்கிறார்கள். பிறகு எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் குத்தியிருந்த ஊசியை எடுத்துக் குத்தி அடைப்பை நீக்கினார். மின்கம்பி ஒன்றின் உறை தேய்ந்தபோது, காலுறையை இறுக்கும் பட்டையைக் கழற்றி அதில் சுற்றினார். எவ்வளவு தெளிவான மூளை பாருங்கள்!

எல்லாவற்றையும் விடப் பெரிய தொல்லை தண்ணீர். எஞ்சினுக்குள் எரிபொருள் எரிகிறது. அதில் வரும் வெப்பத்தில் ஒரு பகுதிதான் சக்கரத்தைச் சுற்ற உதவும். மிச்சம் எஞ்சினையே சூடாக்கும். அந்தச் சூட்டை வெளியேற்றாவிட்டால் உலோகப் பாகங்கள் விரிந்து ஒன்றையொன்று கவ்விப் பிடித்துக்கொள்ளும். பென்ஸ் வண்டியில் தண்ணீர் கொதித்து ஆவியாகி அந்தச் சூட்டைச் சுமந்துகொண்டு போனது. 30 டிகிரியில் இருக்கும் தண்ணீரை 100 டிகிரி வரை சூடாக்க எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அதைப்போல ஏழு மடங்குக்கும் மேல் வேண்டும், அதே தண்ணீரை முழுக்க ஆவியாக்க. ஆகவே குளிர்விக்க இது நல்ல வழிதான். ஆனால் ஆவியாகப் போன தண்ணீர் திரும்பி வராதே! வழியில் நீர் கிடைத்த இடத்தில் எல்லாம் நிறுத்தி நிரப்ப வேண்டியிருந்தது.

இன்றைய கார்களில் குளிர்விக்கும் திரவம் மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. எஞ்சினில் சூடாகும், முன்னால் இருக்கும் ரேடியேட்டரில் காற்றுப் பட்டு ஆறும், மறுபடி எஞ்சினுக்குப் போகும். அதை கூலன்ட் என்பார்கள். உள்ளே அழுத்தம் அதிகம் என்பதால், வீட்டுக் குக்கரில் நடப்பதுபோலவே, 100 டிகிரியைத் தாண்டியும் அது கொதிக்காமல் இருக்கும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று குறையும்; திரவம் அந்த நொடியே கொதித்து முகத்தில் பீறிட்டு அடிக்கும். கூலன்ட் அளவை எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது பெரியவர்கள்தான் பார்க்க வேண்டும். நீங்கள் அந்த மூடியைத் தொடவே கூடாது.

பென்ஸ் பயணத்தில் மேடு வந்தால் இரண்டு பையன்களும் இறங்கித் தள்ளினார்கள். இறக்கம் வந்தால் பிரேக்கின் மரக்கட்டை தேய்ந்தது. பெர்த்தா ஒரு செருப்புத் தைப்பவரிடம் சொல்லி அதன்மேல் தோல் வைத்துத் தைக்கச் செய்தார். பிரேக் பிடிக்கும்போது ஓடும் வண்டியின் ஆற்றல் எங்கே போகிறது? உராய்வால் வெப்பமாக மாறுகிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் பிரேக் பட்டைகள் மிகவும் சூடாகிப் பிடிமானம் குறைந்துவிடும். அதனால்தான் நல்ல ஓட்டுநர்கள் கியரைக் குறைத்து, வேகத்தை எஞ்சினே அடக்கும்படி விட்டு இறங்குவார்கள்.

அந்த வண்டியில் காற்றடைத்த டயர் கிடையாது. அதே 1888இல்தான் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகச் செய்த காற்று டயருக்குக் காப்புரிமை பெற்றார். இன்று நெடும்பயணத்தில் அதிகம் கவனிக்க வேண்டியது இந்த டயரைத்தான். காற்று குறைந்தால் டயர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக நசுங்கி நிமிரும். ஒரு கிலோமீட்டருக்குள் ஐந்நூறு தடவைக்கு மேல் இப்படி நடந்தால் ரப்பர் தாறுமாறாகச் சூடாகும். நெடுஞ்சாலை வேகத்தில் வெடிக்கவும் செய்யும்.

காற்றை எப்போது அளப்பது? காலையில், வண்டி ஓடுவதற்கு முன். ஓடினால் உள்ளிருக்கும் காற்று சூடாகி அழுத்தம் ஏறிவிடும். காற்று போதுமான அளவு இருப்பதுபோலத் தெரியும். எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதைப் பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஒட்டுத்தாளில் அச்சடித்திருப்பார்கள். ஆள் குறைவென்றால் ஓர் அளவு, ஆளும் மூட்டையும் நிறைந்தால் இன்னோர் அளவு.

இருட்டும் நேரத்தில் பெர்த்தாவும் பிள்ளைகளும் பாட்டி ஊரை எட்டினார்கள். அங்கிருந்து அப்பாவுக்குத் தந்தி போனது. வழியில் பட்ட சிரமங்களைக் கேட்ட கார்ல் பென்ஸ், மேடு ஏறுவதற்கென்று வண்டியில் இன்னொரு கியரைச் சேர்த்தார்.

அடுத்த விடுமுறையில் உங்கள் வீட்டுக் கார் வெளியூர் கிளம்பும்போது, அந்த ஒட்டுத்தாளை நீங்களே தேடிப் படித்து அப்பா அம்மாவிடம் சொல்லுங்கள். டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னிக்கும் காற்று பார்க்கச் சொல்லுங்கள். பலரும் மறந்துவிடுவது அதைத்தான்.