கொறடாவின் சொல்லும் உறுப்பினரின் வாக்கும்

'கொறடா' என்னும் சொல் தமிழ் நாளேடுகளில் அடிக்கடி காணப்படுவது. ஆயினும் அதன் நேர்ப்பொருளை எண்ணிப் பார்ப்போர் சிலரே. தெலுங்கில் 'கொரடா' என்றால் சாட்டை. ஆங்கிலேயரின் வேட்டையில், நாய்கள் கூட்டத்தை விட்டுச் சிதறாதபடி சாட்டையோடு காத்து நின்றவனுக்கு வழங்கிய பெயரே, பின்னர் அவர்களுடைய பாராளுமன்றத்தில் கட்சி உறுப்பினரை வாக்கெடுப்புக்குத் திரட்டுபவருக்கும் ஆயிற்று. தமிழிலும் அச்சாட்டையே வந்து அமர்ந்தது. மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய ஒருவரை வேட்டை நாயோடு சேர்த்து எண்ணும் பெயர் இது என்று எந்த அவையும் குறைப்பட்டுக் கொண்டதாகத் தெரியவில்லை.

கொறடாவின் கட்டளையை மீறுவோர் இருவகையினர். கட்சியை விட்டு நீங்கி, பெற்ற பதவியை மட்டும் உடன் எடுத்துச் செல்பவர் ஒருவகையினர். மலேசியாவில் இவர்களைத் 'தவளை' என்பது வழக்கு. கட்சியிலேயே இருந்துகொண்டு, ஒரு பொருளில் மட்டும் தம் மனச்சான்றின்படி நிற்பவர் மற்றொரு வகையினர். இவர்களுக்குப் பட்டப்பெயர் ஏதும் இல்லை. எண்ணிக்கையில் அத்தனை குறைவு. இவ்விரு வகையினரையும் ஒன்றாகக் கருதுவதாலேயே இப்பொருளில் குழப்பம் மிகுகின்றது.

இரண்டாம் வகைக்கு மலேசியாவில் சிறந்த சான்று ஜொகூர் பாருவின் ஷாரிர் அப்துல் சமாட். 2006 மே மாதத்தில், தேசிய முன்னணியைச் சேர்ந்த ஜாசின் தொகுதி உறுப்பினரை அவையின் உரிமைக் குழு விசாரிக்க வேண்டும் என்று எதிர்க்கட்சித் தலைவர் லிம் கிட் சியாங் ஒரு தீர்மானம் கொண்டு வந்தார். முன்னணிப் பின்னிருக்கை உறுப்பினர் மன்றத்தின் தலைவராயிருந்த ஷாரிர் அத்தீர்மானத்தை ஆதரித்தார். தம் கட்சியினர் தம்மைப் பின்பற்றாமையால் மன்றத் தலைமையைத் துறந்தார்; கட்சியைத் துறக்கவில்லை. 2008-இல் அவர் அமைச்சரானார். அவரே 1988-இல் தம் பாராளுமன்றப் பதவியைத் துறந்து, சுயேச்சையாக இடைத்தேர்தலில் நின்று, வாக்காளரிடம் மீண்டும் ஒப்புதல் பெற்றவர். கட்சியோடு முரண்பட்ட ஒருவர் செய்யத்தக்க நேர்மையான செயல் அது. ஆனால் 1990-இல் அரசியற் சட்டத்தின் 48-ஆம் பிரிவில் புதிய விதி ஒன்று சேர்ந்தது. பதவி துறந்த மக்களவை உறுப்பினர் ஐந்தாண்டுகளுக்கு மீண்டும் அவ்வவைக்குப் போட்டியிடலாகாது என்பது அவ்விதி. இவ்வாறு நேர்வழி அடைபட்டது. தாவும் வழியோ திறந்தே கிடந்தது.

அவ்வழியில் நடந்தவற்றைக் கெடா மாநிலம் நன்கு அறியும். 2008 பொதுத்தேர்தலில் மக்கள் நீதிக் கட்சியின் சார்பில் கூலிம் பண்டார் பாருவில் வென்றவர் சுல்கிப்ளி நூர்டின். அண்டைத் தொகுதியான பாடாங் செராயில் வென்றவர் ந. கோபாலகிருஷ்ணன். முன்னவரைக் கட்சி 2010-இல் வெளியேற்றியது. பின்னவர் 2011-இல் தாமே விலகினார். இருவரும் சுயேச்சைகளாகத் தம் பதவிக்காலத்தை நிறைவு செய்தனர். தோட்டத்துத் தமிழர் வாக்குகளும் சேர்ந்து வெல்ல வைத்த பாடாங் செராயில், கோபாலகிருஷ்ணன் 2013-இல் சுயேச்சையாக மீண்டும் நின்று தோற்றார். இதனைக் கொண்டு வாக்காளர் தாவியவரை மறவாமல் தண்டிப்பர் என்று முடிவு கட்டிவிடலாம் போலத் தோன்றும்; பொறுத்துப் பார்க்க வேண்டும்.

கெடா சட்டமன்றத்தின் இடங்கள் 36. 2018-இல் நம்பிக்கைக் கூட்டணி 18 இடங்களையும், பாஸ் கட்சி 15 இடங்களையும், தேசிய முன்னணி 3 இடங்களையும் பெற்றன. இத்தகைய அவையில் ஓரிருவர் நகர்ந்தாலே ஆட்சி நகரும். 2020 மே மாதத்தில் லூனாஸ் தொகுதியின் அஸ்மான் நஸ்ருடினும் சிடாம் தொகுதியின் ரோபர்ட் லிங்கும் மக்கள் நீதிக் கட்சியை விட்டு விலகினர். பெர்சத்து உறுப்பினர் சிலரும் எதிரணியோடு சேர, 23 பேரின் ஆதரவு அப்பக்கம் போயிற்று. மே 17-ஆம் நாள் மந்திரி பெசார் முக்ரிஸ் மகாதீர் பதவி விலக, பாஸ் கட்சியின் முகமது சனுசி அப்பதவியை ஏற்றார். சட்டமன்றத்தில் ஒரு வாக்கெடுப்பும் நிகழவில்லை. கையொப்பங்களே ஆட்சியை மாற்றின. மாறி வாக்களிக்கும் உறுப்பினர் அவையில் எழுந்து தம் காரணத்தைக் கூறியாக வேண்டும். கையொப்பம் இடுபவருக்கு அந்தக் கட்டாயமும் இல்லை.

லூனாஸ் சட்டமன்றத் தொகுதி பாடாங் செராய் பாராளுமன்றத் தொகுதிக்குள் அடங்கியது. 2022 டிசம்பர் 7-ஆம் நாள் பாடாங் செராயில் தேர்தல் நடந்தபோது, பெரிக்காத்தான் நேசனல் வேட்பாளராக நின்று வென்றவர் அதே அஸ்மான் நஸ்ருடின்தான். 2013-இல் விலகியவரைத் தோற்கடித்த தொகுதி, 2022-இல் விலகியவரை வெற்றி பெறச் செய்தது. வாக்காளர் மறந்தனர் என்று இதற்குப் பொருள் கொள்ளுதல் பொருந்தாது. அவர்கள் அன்றைய அரசியலைக் கண்டு வாக்களித்தனர். ஆகவே, கட்சித் தாவலை வாக்காளரே பார்த்துக்கொள்வர் என்னும் வாதம் முழுமையாக நிற்பதன்று.

சட்டம் இதில் தலையிடலாமா என்பதும் நெடுநாள் வழக்கு. கிளந்தான் சட்டமன்றம் இயற்றிய தாவல் தடைச் சட்டத்தை, நோர்டின் சாலே வழக்கில், 1992-இல் அந்நாளைய உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. சங்கம் சேரும் உரிமையைத் தரும் 10-ஆம் பிரிவுக்கு அது மாறானது என்பது தீர்ப்பு. முப்பது ஆண்டுகள் கழித்து, 2022 ஜூலை 28-ஆம் நாள், மக்களவை அரசியற் சட்டத்தையே திருத்தியது. ஆதரவு 209, எதிர்ப்பு இல்லை, வாராதவர் 11. அவ்வாண்டு அக்டோபர் 5 முதல் 49அ பிரிவு நடைமுறைக்கு வந்தது. கட்சியிலிருந்து விலகினாலோ, உறுப்பியம் அற்றுப்போனாலோ, சுயேச்சையாக வென்றவர் கட்சியொன்றில் சேர்ந்தாலோ இடம் காலியாகும். ஆனால் கட்சி வெளியேற்றினால் இடம் போகாது. பதவி துறந்தவருக்கு இருந்த ஐந்தாண்டுத் தடையும் அப்போதே நீக்கப்பட்டது.

இங்கே உற்று நோக்கத்தக்கது ஒன்றுண்டு. கொறடாவுக்கு மாறாக வாக்களித்தல் குற்றம் என்று 49அ எங்கும் சொல்லவில்லை. இந்தியாவிலோ 1985-ஆம் ஆண்டின் 52-ஆம் திருத்தம் சேர்த்த பத்தாம் அட்டவணை, கட்சி விலகலையும் கட்டளை மீறிய வாக்கையும் ஒருங்கே தண்டிக்கின்றது. மாறி வாக்களித்தாலும், வாக்களியாது இருந்தாலும் பதவி போகலாம்; பதினைந்து நாளுக்குள் கட்சி பொறுத்துக்கொண்டால் உண்டு உய்வு.

அத்தனை கடுமையான சட்டம் நடைமுறையில் என்ன செய்தது? 2017 பிப்ரவரி 18-ஆம் நாள் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை கோரினார். ஆதரவு 122, எதிர்ப்பு 11. எதிர்த்தவர்கள் ஓ. பன்னீர்செல்வமும் அவரோடு நின்ற அதே கட்சியினருமே. அவர்களுடைய பதவி பறிபோகவில்லை. ஆகஸ்டில் இரு அணிகளும் இணைய, பன்னீர்செல்வம் துணை முதலமைச்சரானார். ஆனால் அவையில் எதிர்த்து வாக்களியாது, முதலமைச்சர்மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்த பதினெண்மரைப் பேரவைத் தலைவர் செப்டம்பர் 18-ஆம் நாள் தகுதி நீக்கம் செய்தார். சென்னை உயர் நீதிமன்றம் அதனை 2018 அக்டோபரில் உறுதி செய்தது. எதிர்த்து வாக்களித்தவர் பதவி நிலைத்தது. கடிதம் எழுதியவர் பதவி போயிற்று. சாட்டை நீளமானால் நீதி நேராகும் என்பதற்கு இதில் சான்றில்லை.

ஆகவே மலேசியச் சட்டம் வாக்கை விட்டுவைத்தது குறையன்று, அறிவுடைமை. ஒரு தோட்டத் தொகுதியின் உறுப்பினர், தம் மக்களின் குடியிருப்புக்கோ பள்ளிக்கோ தீங்கு என்று தாம் கருதும் மசோதாவைக் கட்சி கொண்டு வரும்போது, ஒரு முறை 'இல்லை' என்று கூறிவிட்டு மறுநாளும் உறுப்பினராயிருக்க இடம் வேண்டும். அதுவும் எளிதன்று. மக்களவையில் பெரும்பாலான முடிவுகள் குரல் வாக்காலேயே அமைகின்றன. பதினைவர் எழுந்து நின்று கோரினாலன்றித் தலைகளை எண்ணுவதில்லை. தனியொருவரின் 'இல்லை' கூட்டத்தின் ஓசையில் கரைந்துவிடும்.

சட்டம் விட்ட இவ்விடத்தைக் கட்சிகள் தம் விதிகளால் நிரப்ப முனைந்தன. பெர்சத்துக் கட்சி 2024-இல் தன் அமைப்பு விதியைத் திருத்தி, தலைமையின் கட்டளையை மீறும் உறுப்பினரின் உறுப்பியம் தானே அற்றுப்போகும் என்றது. வெளியேற்றினால் இடம் தங்கிவிடும். 'அற்றுப்போயிற்று' என்றால் இடம் காலியாகும். ஒரு வினைச்சொல்லில் இத்தனை வேறுபாடு! பிரதமர் அன்வாருக்கு ஆதரவு அறிவித்திருந்த அறுவர்மீது இவ்விதி பாய்ந்தது. அவர்களுள் அசிசி அபு நயிம் என்பவர் மக்களவையில் குவா மூசாங் தொகுதிக்கும், கிளந்தான் சட்டமன்றத்தில் நெங்கிரி தொகுதிக்கும் உறுப்பினர்.

கிளந்தான் அவைத் தலைவர் 2024 ஜூனில் நெங்கிரி காலி என்று அறிவித்தார். மக்களவைத் தலைவர் ஜொஹாரி அப்துல், ஜூலையில், அறுவரின் இடங்களும் காலியாகவில்லை என்று முடிவு செய்தார். 2008 முதல் 2022 வரை சுங்கைப் பட்டாணியின் பாராளுமன்ற உறுப்பினராயிருந்தவர் அவர். 2020-இல் உறுப்பினரை இழந்த சிடாம் அத்தொகுதிக்குள் இருப்பது. மனிதர் ஒருவர், கட்சியும் ஒன்று, செயலும் ஒன்று, தீர்ப்போ இரண்டு. ஆகஸ்டு 17-ஆம் நாள் நெங்கிரியில் இடைத்தேர்தல் நடந்து, தேசிய முன்னணி வென்றது. சட்டமன்றத்தில் இடமிழந்த அசிசி, குவா மூசாங்கின் உறுப்பினராக மக்களவையில் தொடர்ந்து அமர்ந்தார்.