பள்ளிக்கூடமும் பட்டறையும்

உயர்தரப் பள்ளிகளில் பயிலும் மாணாக்கர்களை அவரவர் ஊரிலுள்ள தொழிலகங்களோடும் வியாபார ஸ்தலங்களோடும் இணைத்து, உண்மையான காரியம் ஒன்றைச் செய்து கற்கும்படி விட வேண்டும் என்ற யோசனை இக்காலத்தில் பல திசைகளிலும் எழுந்து வருகிறது. 2020-ஆம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கை, 6 முதல் 8 வரையுள்ள வகுப்புப் பிள்ளைகள் பத்து நாள் புத்தகப் பையின்றி உள்ளூர்த் தச்சர், தோட்டக்காரர், குயவர் முதலியோரிடம் பழக வேண்டுமென்று கூறுகிறது. தமிழ்நாட்டு சர்க்கார் 2022 மார்ச்சு 1-ந் தேதி தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டமும் படிப்புக்கும் பிழைப்புக்கும் நடுவே கிடக்கும் பள்ளத்தைத் தூர்க்க எழுந்ததேயாம். யோசனை நல்லது, அதை நாம் வரவேற்கிறோம். ஆயினும், கல்வியையும் தொழிலையும் சேர்க்க முற்பட்ட நம் நாடு இதற்கு முன் பட்ட அனுபவங்களை மறந்துவிட்டு இக்காரியத்தில் இறங்குவது தகாது.

1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய மகாநாட்டில் மகாத்மா காந்தி, கைத்தொழிலையே நடுவாக வைத்துக் கல்வி புகட்ட வேண்டுமென்றார். அப்போது அமைக்கப்பெற்ற ஜாகிர் ஹுசேன் கமிட்டி அதற்கு உருவம் கொடுத்தது. பிள்ளைகள் செய்யும் பொருளை விற்று உபாத்தியாயர் சம்பளத்தைச் சரிக்கட்டலாம் என்ற எண்ணமும் அத்திட்டத்தில் இருந்தது. அங்கேதான் ஆட்சேபம் பிறந்தது. விற்பனையில் கண் வைத்தால் கல்வி நழுவிவிடும் என்ற அபாயத்தை அக்கமிட்டியே எடுத்துக் காட்டியிருந்தது. பின்னர் 1953-ல் சென்னை ராஜ்யத்தில் ராஜாஜி கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து, மிஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைக் கற்கட்டும் என்றது. சலவைக்காரர் மகன் துறைக்கும், சக்கிலியர் மகன் தோலுக்கும் திரும்பிப் போவதற்கா பள்ளிக்கூடம் என்று நாடு கொதித்தது. ‘குலக்கல்வி’ என்ற பெயர் அத்திட்டத்தின் மேல் ஒட்டிக்கொண்டது. 1954-ல் காமராஜர் பொறுப்பேற்றதும் அது கைவிடப்பட்டது.

இனி முதலாளிகளின் பக்கத்தைப் பார்ப்போம். சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் சிறுவர் சிறுமியரின் விரல்கள் எத்தனை தலைமுறை உழைத்தன என்பதை நாம் அறிவோம். அவ்வழக்கில் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்த சுப்ரீம் கோர்ட்டு, சட்ட விரோதமாக அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் முதலாளி செலுத்த வேண்டுமென்று கட்டளையிட்டது. 2016-ல் திருத்தப்பெற்ற சட்டம், 14 முதல் 18 வயது வரை உள்ளோரை அபாயத் தொழில்களில் சேர்ப்பதைத் தடுக்கிறது. இவ்வளவு பாடுபட்டு ஆலையிலிருந்து மீட்ட குழந்தையை, ‘அனுபவக் கல்வி’ என்ற சீட்டொட்டி அதே வாசலில் கொண்டுபோய் விடலாகாது.

அப்படியானால் வழி என்ன? வேலையைக் கொடுத்தல் வேறு, கேள்வியைக் கொடுத்தல் வேறு. இந்த வேற்றுமையைத் தெளிந்துகொண்டால் வழி தானே புலப்படும்.

தஞ்சை ஜில்லாவில் ஓர் அரிசி ஆலையை எடுத்துக்கொள்வோம். சர்க்கார் கொள்முதலில் 100 கிலோ நெல்லுக்குப் புழுங்கலரிசியாயின் 68 கிலோவும், பச்சரிசியாயின் 67 கிலோவும் காண வேண்டுமென்று கணக்கு. ஓர் ஆலையில் புழுங்கலரிசி 66 தான் காண்கிறதென்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 10 டன் நெல் அரைத்தால் 200 கிலோ அரிசி எங்கோ போகிறது. எங்கே போகிறது? நெல்லில் பதரும் கருக்காயும் மிகுதியா? களத்தில் ஒரே மூச்சில் வெயிலில் காய்ந்து மணி உள்ளே வெடித்து நொய்யாயிற்றா? ஊறலும் வேகலும் பதம் தவறினவா? தீட்டும்போது அரிசியே தவிட்டோடு போகிறதா? ஆலை முதலாளிக்கு இதை உட்கார்ந்து எண்ணிப் பார்க்க அவகாசமில்லை. பத்தாம் வகுப்பு மாணாக்கர் ஐவருக்கு அவகாசமும் உண்டு, ஆவலும் உண்டு. இயந்திரத்தின் அருகே செல்லாமலே, மாதிரி நெல்லையும் அரிசியையும் வாங்கி, தராசில் நிறுத்து, ஈரப்பதம் அளந்து, முழு அரிசி வேறு நொய் வேறாகப் பிரித்து, ஒரு மாத காலம் அட்டவணை எழுதினால் விடை கிடைக்கும்; அல்லது விடை இருக்கும் திக்காவது தெரியும். சதவீதக் கணக்கும், மாவுப் பொருள் வெந்து இறுகும் ரசாயனமும் அவர்கள் மனத்தில் என்றும் அழியாமல் பதியும். முதலாளிக்கு இலாபம் உண்டு. ஆனால் அந்த இலாபம் குழந்தையின் முதுகிலிருந்து வந்ததன்று.

இவ்வாறே திருப்பூரில் துணி நனைந்தபின் எவ்வளவு சுருங்குகிறதென்றும், கோயமுத்தூர் வார்ப்படச் சாலையில் கழிபடும் வார்ப்புகளுக்கு மணலின் ஈரம் எவ்வளவு காரணமென்றும், பால் கூட்டுறவுச் சங்கத்தில் காலைப் பாலுக்கும் மாலைப் பாலுக்கும் கொழுப்பில் என்ன பேதமென்றும் ஆராயலாம். ஊர்தோறும் இத்தகைய கேள்விகள் கேட்பாரற்றுக் கிடக்கின்றன.

ஆனால் சில நிபந்தனைகளை நாம் வற்புறுத்துகிறோம். முதலாவது, பொறுப்பு முழுதும் பள்ளியையும் உபாத்தியாயரையும் சார்ந்ததாக இருக்க வேண்டும். முதலாளிக்கு மாணாக்கரை ஏவும் அதிகாரம் கிடையாது. இரண்டாவது, கூலிக்காரர் செய்யும் வேலையை மாணாக்கர் செய்யலாகாது. செய்தால் ஒரு பக்கம் தொழிலாளியின் கூலி குறையும், மறுபக்கம் பிள்ளையின் படிப்பு கெடும். மூன்றாவது, எவனையும் அவன் தகப்பனார் தொழிலுக்கே அனுப்பும் வழக்கம் தலைகாட்டக் கூடாது. நெசவாளர் மகள் வார்ப்படச் சாலைக்கும், மிராசுதார் மகன் தோல் பதனிடும் சாலைக்கும் செல்லட்டும். பெண்களுக்குத் தையலும் சமையலும் போதும் என்னும் பழைய பல்லவியும் வேண்டாம். நான்காவது, கண்ட முடிவைத் தெளிந்த தமிழில் எழுதி, முதலாளியும் தொழிலாளரும் பெற்றோரும் கூடிய சபையில் மாணாக்கரே படித்துக் காட்ட வேண்டும். முடிவு முதலாளிக்குக் கசப்பாயிருந்தாலும் அதை மறைக்கலாகாது. சாயக் கழிவால் நொய்யல் ஆறு கெட்டு, 2011 ஜனவரியில் சென்னை ஹைகோர்ட்டு திருப்பூர்ச் சாயச் சாலைகளை மூடச் சொல்லும் நிலை வந்ததே. ஆற்று நீரை ஆண்டுதோறும் அளந்து ஊராருக்குச் சொல்லும் மாணாக்கர் படை ஒன்று அங்கே இருந்திருந்தால், ஊர் முன்னமே விழித்திருக்கக் கூடும்.

இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுக்களை ஏற்படுத்தியிருக்கிறது. ஜில்லாதோறும் வர்த்தக சங்கங்கள் இருக்கின்றன. இவ்விரு சாராரும் ஒருநாள் ஒரே பாயில் அமர்ந்து, தங்கள் ஊரில் விடை காணாத கேள்விகள் பத்தை எழுதினால் போதும். பொதுக் காரியங்களில் ஈடுபட்ட அன்பர்கள் இவர்களை ஒன்று சேர்க்கும் பணியை ஏற்க வேண்டுகிறோம். நிபந்தனைகள் மீறப்படும் இடத்தில் முதலில் குரல் எழுப்புவதும் அவர்கள் கடமையே.